பதினொரு 'ஒண்ணுமில்ல'

பல் செட் செய்யும் லேப் அது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ரயில் பெட்டி போல நீளமான ஓர் அறை. அங்கே பத்தொன்பது வருடமாக மெழுகு மேஜையில் வேலை பார்க்கும் பெண்ணை எல்லோரும் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவர் மாஸ்டர். சேர்ந்த முதல் வாரத்திலேயே, "ஏன் மேல் பல்லு கீழ் பல்லைவிட கொஞ்சம் வெளிய நிக்கணும்? ஏன் மெழுகு ரோஸ் கலர்ல இருக்கு? ஏன் டாக்டருங்க கையெழுத்து மட்டும் இப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னவர் மூன்றாவதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலை இப்படித்தான் நடக்கும். டாக்டர் எடுத்த வாய் அச்சு ஒரு சின்ன டப்பாவில் வரும், கூடவே ஒரு சீட்டு. பிளாஸ்டர் அண்ணன் அதில் மாவு ஊற்றி மாதிரி எடுப்பார். ஏன் அக்கா அதன் மேல் மெழுகு கட்டி, கத்தியைச் சூடு காட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். மெழுகு உருகிப் போன இடத்தில் பிளாஸ்டிக் ஏறி வெந்து வந்ததும், தட்டி எடுத்துப் பாலிஷ் போட வேண்டும். தனிப் பல்லுக்குப் பீங்கான் வேலை மாஸ்டருடையது. ஜன்னலோரம் அவர் மேஜை, அதன் மேல் ஒரு சின்ன அடுப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லேப் முதலாளியான மேடம்.

அக்காவுக்கு ஒவ்வொரு வாயும் ஒரு ஆள். "இவரு இடது பக்கமாவே மெல்றவரு", "இந்த அம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூங்குறவங்க" என்று அச்சைப் பார்த்தே சொல்வாள். வீட்டில் போய் இதையெல்லாம் சொன்னால், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், "எவன் எந்தப் பக்கம் மென்னா உனக்கென்ன?" என்பார். ஆனால் கேட்பதை நிறுத்த மாட்டார்.

பாலிஷ் வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். கை சுத்தம். அவள் பாலிஷ் போட்ட செட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். வந்த இரண்டு வாரத்தில் அவளைப் பற்றி ஏன் அக்காவுக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்துவிட்டன.

முதல் கேள்வி, சிரிப்பு. மாஸ்டர் ஏதாவது ஜோக் அடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் இவள் ஆரம்பிப்பாள். இரண்டாவது கேள்வி, நாற்காலி. சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் சுவரை ஒட்டின வலது ஓர நாற்காலி. அதில் யாராவது உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டே சாப்பிடுவாளே தவிர வேறு நாற்காலிக்கு வர மாட்டாள்.

திமிர் என்று பிளாஸ்டர் அண்ணன் நினைத்தார். அந்த இடத்திலிருந்து எதிர்க்கடை தெரியும், அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று ஏன் அக்கா ஒரு வாரம் நினைத்தாள். எதிர்க்கடையில் இருந்தவர் எழுபது வயது டெய்லர் என்று தெரிந்ததும் அந்தக் கணக்கைக் கைவிட்டாள். மாதம் ஒன்று போன பிறகு ஒருநாள், மேடம் வலது பக்கம் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் அந்தப் பெண் திரும்பவில்லை. சுற்றி இடது பக்கம் வந்து அதே குரலில் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தாள். அக்காவுக்குப் பொறி தட்டியது. அவளுக்கு வலது காது கேட்காது. சுவர்ப் பக்கம் கேட்காத காதைக் கொடுத்துவிட்டால் பேசுகிறவர்கள் எல்லோரும் நல்ல காதுப் பக்கம் இருப்பார்கள்.

அது தெரிந்த பிறகு வேறொன்று காதில் விழ ஆரம்பித்தது. அந்தப் பெண் ஒரு நாளைக்குப் பல தடவை, "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறாள். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும், "ஒண்ணுமில்ல, விடும்மா" என்கிறார். யாரும் கோபமாகச் சொல்வதில்லை. தட்டில் விழுந்த ஈயை விரட்டுவது போல, கை தானாக ஆடுவது போல, வாயில் அது தானாக வருகிறது.

எத்தனை தடவை என்று அக்காவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு புதன்கிழமை காலையில் வேண்டாத மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். 'ஒண்ணுமில்ல' காதில் விழும்போதெல்லாம் கத்தி முனையால் ஒரு புள்ளி. சாயங்காலம் பதினொரு புள்ளி இருந்தது.

பஸ்ஸில் போகும்போது எந்தப் புள்ளி யாருடையது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மாஸ்டர் ஐந்து. பிளாஸ்டர் அண்ணன் மூன்று. எட்டுதான் வந்தது. மீதி மூன்று? மேடம் அன்றைக்கு லேப்பில் இல்லை. திரும்பத் திரும்ப யோசித்தாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோதுதான் உறைத்தது. மீதி மூன்றும் அவளே சொன்னவை. ஒரு கடைவாய்ப் பல் சரியாக உட்காரவில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வாய் 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்றது, கை புள்ளி வைத்தது. அப்புறம் சொல்லவே இல்லை. அவள் வெட்கப்பட்டதைவிட ஆச்சரியப்பட்டதுதான் அதிகம். தன் வாயில் இருந்து வந்தது தனக்கே தெரியாமல் எப்படிப் போயிற்று?

வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

"இதுல என்ன இருக்கு? யாரும் அந்தப் பொண்ணைத் திட்டலையே," என்றார் அவர்.

"திட்டினாக்கூட என்ன திட்டினாங்கன்னு தெரியும்ல?"

"சின்ன விஷயம். ஊதிப் பெருசாக்காத."

சின்ன விஷயம்தானா என்று பார்த்துவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவும் மகளும் போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். அவர், "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா." கொஞ்ச நேரம் கழித்து மகள் அம்மா காதில் ஏதோ சொன்னாள். "என்னடி?" "ஒண்ணுமில்ல." மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, பார்த்தார். நான்காவது தடவை தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"என்னைப் பத்தித்தானே பேசுறீங்க?"

"ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இப்படின்னா அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா இருக்கா," என்றாள் அக்கா.

அவர் தட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டார். "சரி, அந்த போன்ல என்ன இருந்துச்சுன்னு இப்பவாவது சொல்லு." ஒன்றும் இல்லை, சும்மா சிரித்தோம் என்று எத்தனை சொல்லியும் தூங்கும்வரை அவர் நம்பவில்லை.

இத்தோடு அக்கா நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் ஒரு ஜோக் சொன்னார். ஒரு டாக்டர், பல்லைக் காட்ட வந்தவரிடம் வாயைத் திறங்க என்றாராம். அவர், "பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா டாக்டர், எப்படித் திறக்கிறது?" என்றாராம். பிளாஸ்டர் அண்ணனுக்குப் புரையேறியது. பாலிஷ் பெண், "என்ன மாஸ்டர்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, நீ சாப்பிடு."

அக்கா எழுந்தே விட்டாள். "ஏன் மாஸ்டர் அவகிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க? அவளுக்கு வலது காது கேக்காது. அதனாலதான் கேக்குறா. ரெண்டு மாசமா உங்க யாருக்கும் இது தெரியல, இல்ல?"

கண்ணாடித் தடுப்புக் கதவில் மேடம் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். "காது கேக்காதா? சேரும்போது சொல்லலையேம்மா," என்றார். குரலில் கோபமில்லை, ஒரு கணக்கு இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து டாக்டர்களின் போனை எடுக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. சம்பளமும் கொஞ்சம் ஏறும்.

பாலிஷ் பெண் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள். எழுந்து போய்ப் பாலிஷ் மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் அவளிடம் எதுவும் பேச முடியாது.

ஆறு நாள் அவள் அக்காவிடம் பேசவில்லை. முடிந்த செட்டை அக்கா கையில் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். நல்லதுதானே செய்தோம், ஏன் இப்படி என்று அக்கா மண்டையைக் குடைந்துகொண்டாள். ஏழாவது நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"என் மேல கோபமா?"

அந்தப் பெண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கிறேன். அன்னிக்கு எனக்காகப் பேசினீங்களா, இல்ல நீங்க கண்டுபிடிச்சதை எல்லாருக்கும் சொல்லணும்னு பேசினீங்களா?"

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

"ரெண்டும் இருந்துச்சு. ரெண்டாவதுதான் கொஞ்சம் பெருசா இருந்துச்சுன்னு நினைக்கிறேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். இந்தத் தடவை அது சரியான நேரத்தில் வந்த சிரிப்பு.

"என் காதைப் பத்தி எப்ப, யார்கிட்ட சொல்றதுன்னு நான் வெச்சிருந்தேன்க்கா. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"தப்புதான். உன்கிட்ட முதல்ல கேட்டிருக்கணும். ஊர்ல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் கேள்வி கேக்கிறவ நான், உன்கிட்ட மட்டும் கேக்கல பாரு. இப்பக் கேக்கிறேன். அவங்க 'ஒண்ணுமில்ல'ங்கும்போது பக்கத்துல இருக்கிற நான் என்ன பண்ணணும்?"

அந்தப் பெண் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன சொன்னாங்களோ அதைத் திருப்பிச் சொல்லுங்க. அவ்வளவுதான். சுருக்காம சொல்லுங்க. மொக்கை ஜோக்கா இருந்தா அது மொக்கைன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

"காதைப் பத்தி?"

"அதை நான் பேசிக்கிறேன். மேடம்கிட்ட ஏற்கெனவே பேசிட்டேன். போனை இடது காதுல வெச்சா எனக்கு நல்லாவே கேக்கும். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "கோச்சுக்காத. ஒரே காதுல எப்படிக் கேக்கும்?"

அவள் சொன்னாள். அமைதியான அறையில் ஒரே ஆள் பேசினால் ஒரு குறையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து பேசும்போதுதான் யார் எங்கேயிருந்து பேசுகிறார்கள் என்றே தெரியாது. தலையைத் திருப்பி ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி வாக்கியம் போய்விடும். மீதியை முகத்தைப் பார்த்து ஒட்டவைத்துக்கொள்வாள். சாயங்காலம் ஆனால் காது வலிக்காது, கழுத்துதான் வலிக்கும். இதைக் கேட்டுக்கொண்டே அக்கா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் சொன்னபடியே அக்கா நடந்தாள். அது நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. கரண்டு பில், பிளாஸ்டர் அண்ணன் மருமகனின் புது பைக், எதிர்க்கடை டெய்லரின் மூட்டுவலி என்று லேப்பில் ஓடும் பேச்சில் முக்கால்வாசி திருப்பிச் சொல்ல லாயக்கே இல்லாதது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். பாலிஷ் பெண், "இதுக்கா அவ்வளவு நேரம் பேசினாங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஜோக் என்றால் அக்கா, "மாஸ்டர், இன்னொரு தடவை சொல்லுங்க, அவளும் கேக்கட்டும்" என்பாள்.

மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "ஜோக்கை ரெண்டாவது தடவை சொன்னா ஆறிப்போன டீ மாதிரி இருக்கும்," என்றார். ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பாலிஷ் பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா மாஸ்டர்?" என்றாள். பிளாஸ்டர் அண்ணன் ஜோக்குக்குச் சிரித்ததைவிட அதற்கு அதிகமாகச் சிரித்தார். மாஸ்டர் முகம் சுண்டிவிட்டது. "இனிமே இங்க வாயைத் திறக்கவே யோசிக்கணும் போல" என்று சொல்லி, ஒரு வாரம் ஜோக்கே அடிக்கவில்லை. அறை வெறிச்சென்று ஆனது. அந்தப் பெண்ணால்தான் இப்படி என்று பிளாஸ்டர் அண்ணன்கூட ஒரு தடவை முணுமுணுத்தார். அதையும் திருப்பிச் சொல்வதா என்று அக்கா அரைமணி நேரம் தவித்தாள். கடைசியில் சொன்னாள். "தெரியும்க்கா, அவர் முகத்துலேயே இருந்துச்சு," என்றாள் அந்தப் பெண்.

அந்த வாரத்தில்தான் டீச்சரின் பல் செட் வேலை வந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு மேல் வரிசை முழுவதும். நம் மேல்வாயின் உட்புறம், முன் பற்களுக்குப் பின்னால், நாக்கை வைத்தால் சில மேடுகள் தட்டுப்படும். செட்டிலும் அந்த மேடுகளை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு வழுக்கிப் பேச்சு குழறும் என்று டாக்டர் போனில் சொன்னார். போனை எடுத்தவர் மாஸ்டர். வைத்த கையோடு அங்கிருந்தே சத்தமாக, "டீச்சர் செட்டுல உள்ள இருக்கிற மேட்டைத் தேய்ச்சிடாதீங்க" என்றார்.

பாலிஷ் பெண் மோட்டாரை நிறுத்தினாள். "என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். "ஒண்ணுமில்ல. வேலையைப் பாரு."

அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கையில் சூடான மெழுகு, இதோ சொல்லலாம் என்று நினைத்தாள். மெழுகு ஆறியபோது நினைப்பும் போய்விட்டது.

ஐந்தாவது நாள் செட் திரும்பி வந்தது. கூடவே டாக்டரின் கோபமான சீட்டு. உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. மேடம் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். "யார் இதைத் தேய்ச்சது?"

"நான்தான் மேடம்," என்றாள் பாலிஷ் பெண். "ஆனா தேய்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. மாஸ்டர் ஏதோ சொன்னாரு. மோட்டாரை நிறுத்திட்டு என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு."

"அப்படி நீ கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லையேம்மா," என்றார் மாஸ்டர். அவர் பொய் சொல்லவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. பஸ்ஸில் அவளுக்கும் இப்படித்தான் இருந்தது.

பிளாஸ்டர் அண்ணன் தரையைப் பார்த்தார். மேடம் பாலிஷ் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் மாஸ்டரோடு ஒரே அறையில் சாப்பிட்டவள் அவள். பாலிஷ் பெண் பக்கம் திரும்பினாள். பேசட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அந்தப் பெண் லேசாகத் தலையசைத்தாள்.

"அவ கேட்டா மேடம். மோட்டாரை நிறுத்திட்டுக் கேட்டா. மாஸ்டர் 'ஒண்ணுமில்ல, வேலையைப் பாரு'ன்னாரு. எனக்கு எல்லாம் காதுல விழுந்துச்சு. நானாவது சொல்லியிருக்கணும், சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். நாக்கின் நுனியில் இன்னும் பத்து வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. மெழுகுப் புள்ளி, சுவரோர நாற்காலி எல்லாம். அத்தனையையும் விழுங்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள். அவர், "நம்புறேன்," என்றார்.

மேடம், "போன்ல வர்றது எதுவா இருந்தாலும் இனிமே டப்பா சீட்டுல எழுதணும். கத்திச் சொல்ற வேலையே வேண்டாம். செட்டைப் புதுசாப் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் மாஸ்டர் மெழுகு மேஜைக்கு வந்தார். கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

"நான் அடிக்கடியா அப்படிச் சொல்றேன்?"

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவை மாஸ்டர்."

"எண்ணினியா?"

"எண்ணினேன். நான் மூணு தடவை."

"நீயுமா?" அவர் முகம் கொஞ்சம் இளகியது. தப்பு செய்தது தான் மட்டும் இல்லை என்பதில் வருகிற இளக்கம். பிறகு அவருக்கே அது பிடிக்காமல் போய்ச் செருமிக்கொண்டார்.

அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பாலிஷ் மேஜைப் பக்கம் போய், பாலிஷ் பெண் மோட்டாரை நிறுத்தும்வரை காத்திருந்து, "எந்தப் பக்கம் நின்னு பேசினா உனக்குச் சௌகரியம்?" என்று கேட்டார். அவள், "எந்தப் பக்கம்னாலும் சரி மாஸ்டர், முகத்தைக் காட்டிப் பேசுங்க," என்றாள். அதன் பிறகும் அவர் வாயில் பழைய வார்த்தை வராமல் இல்லை. வந்ததைப் பாதியில் நிறுத்தி, 'ஒண்ணு...' என்று இழுத்துவிட்டு விஷயத்தைச் சொல்வார். பிளாஸ்டர் அண்ணன் மாறியது யாருக்கும் தெரியாமல் நடந்தது. ஒருநாள் பார்த்தால் அவரே தன் மருமகன் கதையைப் பாலிஷ் பெண்ணுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது ஒரு புதுத் தொல்லை.

டீச்சர் செட்டைத் திரும்பச் செய்தார்கள். மேடுகளை அக்கா மெழுகிலேயே ஒவ்வொன்றாக இழைத்தாள். அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் பெண் மோட்டாரைத் தொடாமல், சின்ன பிரஷ்ஷால் கையிலேயே தேய்த்தாள். அடுத்த மாதம் போன் வேலையும் அவளிடம் வந்தது. "டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று அவள் கூச்சமில்லாமல் கேட்பதைப் பார்த்த பிறகு மேடம் அவள் காதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு நாள் மதியம் டீச்சரே இரண்டு மாடி ஏறி வந்துவிட்டார். முதல் செட்டோடு வகுப்பில் பேச வெட்கப்பட்டு, மூன்று நாள் எல்லாவற்றையும் பிள்ளைகளையே சொல்லவைத்து ஓட்டினாராம். இப்போது சரியாக இருக்கிறதாம், செய்த கைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மாஸ்டர் ஒவ்வொருவராகக் காட்டினார். டீச்சர் பாலிஷ் பெண்ணின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு ஏன் அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"எதுக்கு ஓடினீங்க?" என்றாள் பாலிஷ் பெண்.

"என்ன பாடம் நடத்துறாங்கன்னு கேக்க மறந்துட்டேன்," என்று அக்கா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பாட்டு டீச்சராம்!"